மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிய கல்லறை

இது கட்டிவிட்ட கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது 2024 அக்டோபரிலிருந்து அடுத்த ஜனவரிவரை, மயிலாப்பூரில். இதில் ஒரு படிவம் வரும். அதில் சாட்சிக் கையெழுத்து இரண்டு இருக்கும். இரண்டாவது என்னுடையது.

நள்ளிரவு, சலங்கைச் சத்தம், வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். நடந்தது எல்லாமே பட்டப்பகலில். மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவில், ஊரே குட்டித் தூக்கம் போடுகிற நேரத்தில். நானும் அப்படித் தூங்கிக்கொண்டிருந்தவன்தான். இப்போது தூங்குவதில்லை.

ஜொவிட்டா ஆழ்வார்பேட்டைப் பள்ளியில் என்னோடு வேலை பார்ப்பவள். நான் தமிழ், அவள் கணக்கு. வயது நாற்பத்தொன்று. கணவர் ஜெஃப்ரி தோஹாவில் இருக்கிறார். கச்சேரி ரோடு பக்கம் மூன்றாவது மாடியில் வீடு. அதில் அவளும், ஏழு வயது மகள் ரெனிட்டாவும், எண்பத்தொரு வயது அப்பா இக்னேஷியஸும். ஜொவிட்டா பயந்த சுபாவம் கிடையாது. அரை மார்க்குக்காகப் பிள்ளைகள் அப்பா அம்மாவையே வரவழைத்து அழவைத்தாலும் இறங்கி வர மாட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்றும் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் இக்னேஷியஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிறிஸ்துமஸைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்கு இருந்த பயம் வேறு. அவர்கள் பங்கின், அதாவது அவர்கள் சர்ச்சின், கல்லறைத் தோட்டத்தில் புதிதாகக் குழி தோண்ட இடமே இல்லை. இறந்தவர்களைச் சுவர்க் கல்லறையில் வைப்பார்கள். அடுக்கடுக்காக, அலமாரி போல. பதினான்கு வருடம் கழித்து அதைத் திறந்து, எலும்பை எடுத்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் மனைவிக்கு அப்படித்தான் நடந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். முப்பத்தேழு வருடம் குடும்பம் நடத்தியவளை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கட்டியதைப் பார்த்தார். அன்றிலிருந்து ஒரே பல்லவி.

"என்னை அந்த அலமாரியில வெக்காத, ஜோ."

அவர் கேட்டது அதே தோட்டத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் ஒரு பழைய குடும்பக் கல்லறையை. பெரிய கருங்கல் பலகை. 'மனுவேல் டி ரோசாரியோவும் குடும்பமும், 1858' என்று வெட்டியிருக்கும். இக்னேஷியஸின் தாத்தா பாஸ்கல் ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, அந்தக் கல்லின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அவருக்குப் பிறகு அவர் மகன் ஜெரோம் ஏற்றினார். அப்புறம் இக்னேஷியஸ். இப்போது ஜொவிட்டா. ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அதற்குள் இல்லை. தாத்தா போத்தனூரிலும் மகன் விசாகப்பட்டினத்திலும் ரயில்வே வேலைக்குப் போன இடத்திலேயே மண்ணாகிவிட்டார்கள். இவ்வளவு வருடம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், நம்முடையதாகத்தானே இருக்க வேண்டும் என்று இவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

நினைப்பு கல்லறைக் கமிட்டிக்குப் போதாது. கல்லில் இருக்கும் பெயரிலிருந்து இன்றைய ஆள்வரை வம்சத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை லீவு. வெளியே ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டிப் பூசணி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜொவிட்டா பங்கு அலுவலகத்தின் பின்னறையில் பழைய பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்தாள். அது நாலாவது நாள். இருந்ததே ஏழு புத்தகம். அதில் இரண்டு வெள்ளத்தில் ஊறிக் கல்லாகிவிட்டன. மீதியில் பாதி கரையானுக்குப் போயிருந்தது.

பங்கு அலுவலக நோரா ஆன்ட்டி முப்பது வருடமாக அங்கே இருப்பவர். போர்த்துகீசிய எழுத்தை ஒருவாறு படிப்பார். மனுவேலின் பிள்ளைகள் நான்கு பேர் என்று அவர்தான் தேடிக் கொடுத்தார். மூன்று ஆண், ஒரு பெண். ஆண்கள் மூவரும் பினாங்குக்குக் கப்பலேறி அங்கேயே தங்கிவிட்டார்கள். பெண்ணின் பெயர் நதாலியா.

அங்கேதான் இடித்தது. பாஸ்கல் தாத்தாவின் அம்மா பெயர் எஸ்தர். அறுபது வயதுவரை மயிலாப்பூரில் ஆப்பம் சுட்டு விற்று, ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவள். இது ஜொவிட்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மனுவேலுக்கு எஸ்தர் என்று மகளே இல்லை.

மதியம் 2:40. ஞானஸ்நானப் பதிவேட்டில் பாஸ்கல் கிடைத்தார். 1876 ஏப்ரல் 9. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஐம்பது பைசா அளவுக்குக் கரையான் தின்ற ஓட்டை. ஜொவிட்டா போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அடக்கப் பதிவேட்டையும் புரட்டினாள். மனுவேலின் மகள் நதாலியா, வயது பத்தொன்பது, குடும்பக் கல்லறையில் அடக்கம். 1876 ஏப்ரல் 11. பாஸ்கலுக்கு ஞானஸ்நானம் ஆகி இரண்டே நாளில். ஓரத்தில் பொடி எழுத்தில் நாலைந்து வரி இருந்தது. மை பரவியிருந்ததால் நோரா ஆன்ட்டிக்குப் படிக்க வரவில்லை.

கணக்கு டீச்சரின் மூளை அந்த ஓட்டையையும் அந்தத் தேதியையும் மாறி மாறிப் பார்த்தது. பிள்ளை பெற்று, இரண்டு நாளில் இறந்துபோன பெண். யார் கேட்டாலும் நம்புவார்கள். எஸ்தரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நதாலியாவை வைத்தால் அப்பாவுக்குக் கல்லறை கிடைத்துவிடும். தப்புதான். ஆனால் செத்து நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறவள் வந்து கேட்கவா போகிறாள்?

யோசனையைக் கேட்டுவிட்டு, "நீ எழுது. நான் எதையும் பாக்கல," என்றார் நோரா ஆன்ட்டி. ஒன்று மட்டும் சொன்னார். கல்லறைத் திருநாள் பூசையில் படிக்க, அந்தந்தக் குடும்பம் இறந்தவர்கள் பெயரைக் கவரில் எழுதிப் போடுவது வழக்கம். அதில் முதல் பெயராக நதாலியாவைப் போட்டால் கமிட்டி மறுபேச்சுப் பேசாது.

ஜொவிட்டா அடக்கப் பதிவேட்டை மூடிவிட்டுப் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். திரும்பிவர எட்டு நிமிடம். அடக்கப் பதிவேடு திறந்து கிடந்தது, அதே பக்கத்தில். அறையில் பால் புளித்த வாடை. நோரா ஆன்ட்டி முன்னறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். தான் உள்ளே வரவேயில்லை என்றார்.

பூனை ஏதாவது பாலைக் கொட்டியிருக்கும் என்று ஜொவிட்டா நினைத்துக்கொண்டாள். அந்த அறையில் பாலும் இல்லை, பூனையும் இல்லை.

திங்கட்கிழமை, 14ஆம் தேதி, ஸ்டாஃப் ரூமில் என்னிடம் படிவத்தை நீட்டினாள். மனுவேல், நதாலியா, பாஸ்கல், ஜெரோம், இக்னேஷியஸ், ஜொவிட்டா. அதற்குக் கீழே ரெனிட்டா. குழந்தை பேர் எதற்கு என்று கேட்டேன். நாளைக்கு அவளும் என்னை மாதிரி கரையான் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்றாள். நான் அதற்குமேல் எதுவும் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். வாத்தியார் புத்தி, பேனாவை நீட்டினால் கை தானாகப் போகும். அன்று மாலையே படிவமும் கவரும் அலுவலகத்துக்குப் போய்விட்டன.

மறுநாள் செவ்வாய். கொட்டுகொட்டென்று மழை. பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ரெனிட்டா ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இக்னேஷியஸ் உள்ளறையில் தூங்கினார். ஜொவிட்டா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

தப்… தப்… தப்…

மெல்லிய சத்தம். எங்கேயோ மழைநீர் சொட்டுகிறது என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் நிற்கவில்லை. பால்கனியில் இல்லை, சமையலறையில் இல்லை. அப்பாவின் அறையிலிருந்து வந்தது. ஒரே அளவில், அவசரமே இல்லாமல்.

தப்… தப்… தப்…

பிள்ளை பெற்ற எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். குழந்தையைத் தூங்கவைக்க முதுகில் தட்டிக்கொடுக்கிற சத்தம்.

கதவைத் தள்ளினாள். சத்தம் நின்றது. அப்பா தனியாகத்தான் இருந்தார். கண் மூடியிருந்தது.

"நிறுத்தாத," என்றார்.

ஜொவிட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். கணக்கு டீச்சர்களுக்கு அது ஒரு வியாதி. மணி 3:10.

நோயாளி தூக்கத்தில் உளறுகிறார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் வெள்ளியன்று பள்ளியிலிருந்து வந்ததும், பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா ஒரு விஷயம் சொன்னார். அவர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் தி.நகரில் துணிக்கடை. வம்பு பேசத் தெரியாத மனுஷி.

"பால் எதுவும் கொட்டிருச்சாம்மா அந்த ரூம்ல? தரையை ரெண்டு தடவை துடைச்சுட்டேன், வாடை போகவே மாட்டேங்கு."

ஜொவிட்டா போய் அந்த அறை ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

சனிக்கிழமை, 19ஆம் தேதி. அன்று வேண்டுமென்றே மூன்று மணிக்கே அப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் ஒருக்களித்து, முழங்காலை வயிறுவரை மடக்கிப் படுத்திருந்தார். எண்பத்தொரு வயது ஆள், ஆறடி உயரம், கட்டிலில் பாதிதான் இருந்தார்.

3:05. ஒன்றுமில்லை.

3:08. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இஸ்திரி வண்டிக்காரரின் ரேடியோ கேட்டது.

3:10. அப்பாவின் தலை தலையணையிலிருந்து மெதுவாக எழும்பியது.

அவர் கண் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. தானாகத் தூக்கினால் கழுத்து விறைக்கும், நடுங்கும். இது அப்படி இல்லை. தலை தளர்ந்து, கனமாக, எதன் மேலோ சாய்ந்திருந்தது. தலையணைக்கும் தலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

யாரோ கையை அடியில் கொடுத்துத் தாங்கியிருக்கிற மாதிரி…

ஜொவிட்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு நிமிடம் அப்படியே நின்றாள். 3:17க்குத் தலை மெதுவாகத் தலையணையில் இறங்கியது. இறக்கிய விதத்தைத்தான் அவளால் இன்றும் மறக்க முடியவில்லை. தூங்கிவிட்ட குழந்தை முழித்துவிடக் கூடாதே என்று கையை உருவிக்கொள்வார்களே, அப்படி.

அன்று மாலை போனில் அந்தப் பதிவேட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தாள். ஓட்டை சின்னதாகியிருந்தது. ஐம்பது பைசா அளவு இல்லை. கடலைப்பருப்பு அளவு. ஓரத்தில் முன்பு இல்லாத ஓர் எழுத்தின் வால் தெரிந்தது.

26ஆம் தேதி கமிட்டியின் அனுமதிக் கடிதம் வந்தது. அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். மறுநாள் ஞாயிறு, கடிதத்தைக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"யார் பேரை எழுதின?"

அவள் அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. சும்மா, பழைய பேர் ஒன்று என்று மழுப்பினாள்.

"நதாலியான்னு எழுதியிருக்க."

"யார் சொன்னது டாடி?"

"அந்தப் பொண்ணுதான். தினம் வருதே. என் பிள்ளையை எங்கிட்டயே எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு சொல்லுது."

அப்புறம் அவர் அழுதார். அப்பா அழுது அவள் பார்த்தது அம்மாவின் எலும்பை எடுத்த அன்று மட்டும்தான். எட்டு வயதில் தாத்தா பாஸ்கலின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லறைக்குப் போனதைச் சொன்னார். மெழுகுவர்த்தி மட்டும் ஏற்று, பூ மட்டும் வை. அந்தப் பெண்ணின் பெயரை நம் வீட்டுக் கவரில் ஒருநாளும் எழுதாதே என்று தாத்தா சொன்னாராம். ஏனென்று கேட்டதற்கு, எங்கம்மா எஸ்தர் என்னிடம் அப்படித்தான் சத்தியம் வாங்கினாள் என்றாராம். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

"கவரைத் திரும்ப வாங்கிடு, ஜோ. எனக்கு அலமாரியே போதும்."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் வாங்கவில்லை. இந்த இடத்தில் அவளைத் திட்டலாம். நான் திட்டியிருக்கிறேன். அவள் சொன்ன பதில் இதுதான்: கவரை எடுத்தால் படிவம் பொய்யென்று ஆகும், படிவம் போனால் கல்லறை போகும், அப்புறம் அப்பாவையும் ஒரு துணிப்பையில் பார்க்க வேண்டும். பயத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் நாலு நாள் ஓடிவிட்டது. வியாழன் தீபாவளி. வெள்ளி அலுவலகம் மூடியிருந்தது. தினமும் 3:10க்கு உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. அவள் ரெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள்.

நவம்பர் 2. சனிக்கிழமை. கல்லறைத் திருநாள்.

மதியம் 2:15க்கு அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அழகான பழைய எழுத்தில் 'நதாலியா' என்று முழுசாக இருந்தது. மை ஈரமாக இருப்பது போல மின்னியது.

போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. கல்லறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ரெனிட்டா தோழியின் வீட்டில் இருந்தாள். முத்துலட்சுமி அக்காவிடம் அப்பாவை விட்டு நகராதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

2:35. பங்கு அலுவலகம் பூட்டியிருந்தது. கவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார்.

2:48. ஆட்டோ. வாசல்வரை போக முடியவில்லை. ரோட்டை அடைத்துப் பூக்கடை, மெழுகுவர்த்திக் கடை. இறங்கி ஓடினாள்.

3:02. பூசை நடந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். ஒவ்வொரு கல்லின் மேலும் சாமந்தி, ரோஜா, மெழுகு. நோரா ஆன்ட்டி பெயர்களை மைக்கில் படித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கூடை நிறையக் கவர்.

3:06. கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரருகில் போய்விட்டாள். என் கவரைப் படிக்காதீங்க ஆன்ட்டி என்று சைகை காட்டினாள். அவர் கையமர்த்தினார். இவள் கூடையில் கைவிட்டுத் துழாவினாள்.

அவளுடைய கவர் இல்லை.

மறுபடி துழாவினாள். இல்லை.

நோரா ஆன்ட்டி கையிலிருந்த கவரைப் பிரித்தார்.

"டி ரோசாரியோ குடும்பம்… நதாலியா…"

மைக்கில் அந்தப் பெயர் தோட்டம் முழுக்கக் கேட்டது.

கிழக்கு மூலையிலிருந்து ஒரு சத்தம்.

தப்…

கருங்கல்லுக்கு அடியிலிருந்து.

தப்…

தப்…

அப்புறம் நின்றது.

அவள் கையில் இருந்த போன் அடித்தது. முத்துலட்சுமி அக்கா. மணி 3:10.

"நல்லாத்தான் தூங்கிட்டு இருந்தாரும்மா. அம்மான்னு ஒரே ஒரு வார்த்தை. சின்னப்பிள்ளை குரல்ல…"



மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அடக்கம். அனுமதிக் கடிதத்தின் நகல் கமிட்டி கையில் இருந்தது. கல்லைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு, நான் எழுதியது பொய், என் அப்பாவை அலமாரியிலேயே வையுங்கள் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. நானும் அங்கேதான் நின்றேன்.

கல்லைத் திறந்தவர் தனபாலன். இருபத்தைந்து வருடமாக அங்கே குழி வெட்டுபவர். காலையில் உள்ளே இறங்கி, ஒன்றை மட்டும் தொடாமல் விட்டு, மற்ற பழைய எலும்பையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஏறி வந்தார். பீடி பற்றவைத்தார். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது.

"மேடம், இதுல பொம்பள ஒண்ணு கீது. யாரு அது?"

ஏனென்று நான் கேட்டேன்.

"பொணத்த வெச்சா கைய மார்மேல மடிச்சுத்தான் சார் வெப்பாங்க. எலும்பும் அப்பிடியேதான் கெடக்கும். இதுக்கு ரெண்டு கையும் முன்னால நீட்டிக்கினு கீது. எதையோ கேக்குற மாதிரி."

இக்னேஷியஸை அந்த இரண்டு கைகளுக்குப் பக்கத்தில்தான் இறக்கினோம். வேறு இடம் அதற்குள் இல்லை.

அதன் பிறகு 3:10க்கு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. பால் வாடையும் இல்லை. டிசம்பர் போயிற்று. ஜொவிட்டா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். அரை மார்க்குக்கு மறுபடி சண்டை போட ஆரம்பித்தாள். அப்பா வயதாகி, நோயில் போனார், மற்றதெல்லாம் தன் மன உளைச்சல் என்று என்னிடம் சொன்னாள். அந்தப் படத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். போனில் பெயர் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டையும் பார்த்தேன். அதில் ஓட்டைதான் இருக்கிறது. இதை நான் அவளிடம் பெரிதுபடுத்தவில்லை.

ஜனவரி நாலாவது வாரம் நோரா ஆன்ட்டி அவளைக் கூப்பிட்டார். கோவாவிலிருந்து ஒரு வயதான ஃபாதர் வந்திருந்தாராம். பழைய போர்த்துகீசியம் தண்ணீர்பட்ட பாடு. அடக்கப் பதிவேட்டில் நதாலியாவின் பெயருக்கு ஓரத்தில் இருந்த அந்தப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டார். நோரா ஆன்ட்டி அதைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளை நானும் படித்தேன். இருந்தது இவ்வளவுதான்:

'இவளுடைய குழந்தை ஞானஸ்நானம் பெறுமுன் இறந்ததால், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்கப்பட்டது. இவளிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வீட்டு வேலைக்காரி எஸ்தர், தன் கைக்குழந்தை பாஸ்கலை இவள் கையில் கொடுத்து, இதுதான் உன் பிள்ளை என்றாள். இவள் அமைதியாகி, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு உயிர் விட்டாள். இறந்த பிறகு அந்தக் குழந்தையை இவள் கையிலிருந்து பிரித்தெடுக்க மூன்று ஆண்கள் வேண்டியிருந்தது.'

ஜொவிட்டா அன்றே ஒரு கடிதம் எழுதினாள். நதாலியா எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல, நான் கொடுத்த வம்சாவளி பொய், அதை ரத்து செய்யுங்கள் என்று. எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி என்றாள். நோரா ஆன்ட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் கமிட்டி கூடினால்தான் பெயரை அடிக்க முடியும். அது பிப்ரவரி முதல் சனிக்கிழமை. இன்னும் பத்து நாள் இருந்தது.

பொய் எழுதியதற்காக எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. ஏனென்றால், அந்தப் படிவத்தில் வரிசை இக்னேஷியஸோடு முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு நேர் மேலே ஒரு பெயர் இருந்தது.

ஜொவிட்டாவுக்குப் போன் செய்தேன். குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை, மதியம். ரெனிட்டா எங்கே என்று கேட்டேன்.

"தூங்குறா சார். காலைல ஸ்கூல்ல கொடி ஏத்தப் போயிட்டு வந்த டயர்டு. டாடி ரூம்ல படுத்திருக்கா."

போய்ப் பார் என்றேன். போனைக் காதில் வைத்தபடியே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒன்றுமில்லை.

"ஜொவிட்டா?"

மூச்சுச் சத்தம் மட்டும்.

"ஜொவிட்டா, என்ன?"

"சார்…" குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "தலையணைல தலை படல சார்…"

என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 3:10.

போனில், அவள் மூச்சுக்குப் பின்னால், இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே அளவில், அவசரமே இல்லாமல்.